அப்பளம், சிடி, டிவி ரிமோட்: அலைநீளத்தோட எல்லையை நீங்களே தேடிப் பார்க்கிறது எப்படி

மின்காந்த நிறமாலை படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு ஓரத்துல ரேடியோ, அப்புறம் மைக்ரோவேவ், அகச்சிவப்பு, நடுவுல கொஞ்சூண்டு வானவில் கலர், அதைத் தாண்டி புற ஊதா, எக்ஸ்ரே, இன்னொரு ஓரத்துல காமா. பரீட்சைக்கு வரிசையா மனப்பாடம் பண்ணியிருப்போம், ஆனா எவனாவது ஒருத்தன் "சார், ரேடியோவுக்கு அந்தாண்ட என்ன இருக்கு, காமாவுக்கு இந்தாண்ட என்ன இருக்கு"ன்னு கேட்டா "அது போர்ஷன்ல இல்ல, உக்காரு"ன்னுதான் பதில் வரும். ட்யூஷன் எடுத்த காலத்துல நானே அப்படி ஒரு பையனை உக்கார வச்சிருக்கேன், அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் இதை எழுதுறேன்னு வச்சுக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கோங்க. அலைநீளத்துக்கு எல்லைன்னு யாராவது ஒரு நம்பர் சொன்னா உடனே நம்பிடாதீங்க, மூணு கேள்வி கேளுங்க. அலையை அனுப்புறது யாரு? நடுவுல என்ன கிடக்கு? வாங்குறது யாரு? எல்லைன்னு சொல்றது எல்லாமே இந்த மூணுல ஒண்ணோட எல்லைதான். கண்ணுக்கு 380ல இருந்து 750 நானோமீட்டர்னு சொல்றோமே அது வாங்குறவனோட எல்லை, வெளிச்சத்தோட எல்லை இல்ல. இதை வச்சுக்கிட்டு ஒவ்வொரு பகுதியா போலாம், பாதி வேலை சமையல்கட்டுலயே நடக்கும்.

கையில ரெண்டு கணக்கு போதும், கால்குலேட்டர் கூட வேணாம். அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ்ல தெரிஞ்சா 300-ஐ அதால வகுங்க, அலைநீளம் மீட்டர்ல வந்துடும் (ஒளியோட வேகம் செகண்டுக்கு 29,97,92,458 மீட்டர், அதை 30 கோடின்னு வச்சுக்கிட்டா வர்ற கணக்கு இது). ரெண்டாவது, 1240-ஐ நானோமீட்டரால வகுத்தா ஒரு ஃபோட்டானோட (அதாவது ஒரு ஒளித் துணுக்கோட) எனர்ஜி, அணு அளவு எனர்ஜியை அளக்கிற எலக்ட்ரான் வோல்ட்ங்கிற அலகுல வரும், எனர்ஜி தெரிஞ்சா அதே 1240-ஐ அதால வகுத்து நானோமீட்டருக்கு வந்துடலாம். ரேடியோ பக்கம் முதல் கணக்கு, எக்ஸ்ரே பக்கம் ரெண்டாவது கணக்கு, நடுவுல எது வசதியோ அது.

ரேடியோவுல ஆரம்பிக்கலாம். கொடைக்கானல் எஃப்எம் 100.5, 300-ஐ 100.5ஆல வகுத்தா 3 மீட்டருக்கு ஒரு பொட்டு கம்மி. அதுல கால் பங்கு 75 சென்டிமீட்டர். உங்க டிரான்சிஸ்டர்ல இழுத்து நீட்டுற கம்பி இருக்குல்ல, அதை முழுசா இழுத்துட்டு டேப் வச்சு அளந்து பாருங்க, பெரிய செட்டா இருந்தா அந்த 75 பக்கத்துலதான் நிக்கும், சும்மா அழகுக்கு அந்த நீளம் வைக்கல. இப்போ மீடியம் வேவுக்கு மாத்துங்க, சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் 416 மீட்டர், கால் பங்குன்னா 104 மீட்டர் கம்பி வேணும், அது நடக்கிற காரியமா? அதனாலதான் மீடியம் வேவுக்கு அந்தக் கம்பியே கிடையாது, செட்டைக் கழட்டினா உள்ள கருப்பா ஒரு ஃபெரைட் குச்சியில செம்புக் கம்பி சுத்தியிருக்கும், அதுதான் ஆன்டெனா. ரேடியோவை மெதுவா திருப்பினா ஸ்டேஷன் ஒரு திசையில செத்துப்போகும், அதை வச்சே குச்சி எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு சொல்லிடலாம்.

பழைய வால்வு செட் டயல்ல 19, 25, 31, 41, 49ன்னு மீட்டர் போட்டிருப்பாங்க. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவங்களுக்கு சொல்லவே வேணாம், அந்தத் தலைமுறை அதிர்வெண்ணைச் சொல்லாம அலைநீளத்தையே வாயால சொல்லிப் பழகினது. சிற்றலைன்னு பேர் வச்சதே மீடியம் வேவை விட சின்னதுங்கிற அர்த்தத்துல. அந்த அலைங்க ஏன் கடல் தாண்டி வந்துச்சு? மேல அயனி மண்டலம், அதாவது காத்து மண்டலத்தோட உச்சியில எலக்ட்ரான் தனியா பிரிஞ்சு திரியுற அடுக்கு, கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பினதாலதான். பகல்ல ஏறக்குறைய 30 மீட்டரை விட நீளமான அலை நேர் மேல போனா அது விடாது, திருப்பிடும், ராத்திரியில எலக்ட்ரான் அடர்த்தி குறையுறதால இந்த அளவு மாறும், சாய்வா போற அலைன்னா இன்னும் சின்ன அலையைக் கூட திருப்பும். அதாவது கீழ இருக்கிற நமக்கு வானொலி, வானத்துல இருந்து வர்ற அதே நீள அலைக்கு பூட்டின கதவு. நடுவுல கிடக்கிறது போடுற எல்லைக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, அடுப்படிக்கு வாங்க.

மைக்ரோவேவ் அவன்ல சுத்துற கண்ணாடித் தட்டை எடுத்துடுங்க, தட்டைச் சுத்த வைக்கிற குமிழ் மேல இடிக்காம ஒரு பீங்கான் தட்டைக் கவுத்து வைங்க, முக்கியமானது தட்டு சுத்தக்கூடாது. அதுமேல பொரிக்காத அப்பளத்தை ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மாதிரி பரப்புங்க, சின்ன அப்பளம்னா நாலஞ்சு, பெருசுன்னா ரெண்டு. ஹைல வச்சு 20 செகண்ட், கண்ணை எடுக்காம பாருங்க, சில இடம் மட்டும் வெள்ளையா பொங்கும், பக்கத்துலயே பச்சையா கிடக்கும். பொங்கின உடனே நிறுத்திடுங்க, விட்டா எல்லாம் பரவி கணக்கு கெட்டுடும், அதுக்கு மேல விட்டா கருகி வீடே நாறும், எங்க வீட்டுல நாறுச்சு. பொங்கின இடத்தோட நடுவுல இருந்து அடுத்த பொங்கல் நடுவுக்கு ஸ்கேல் வைங்க. எனக்கு 5.7ல இருந்து 6.6 வரைக்கும் மாத்தி மாத்தி வந்துச்சு, ஆறேழு தடவை அளந்து சராசரி போட்டேன், 6.1 சென்டிமீட்டர். இது பாதி அலைநீளம், ஏன்னா உள்ள அலை சுவத்துல பட்டுத் திரும்பி தன் மேலேயே விழுந்து அசையாத அலையா நிக்குது, அதுல ஒவ்வொரு பாதி அலைக்கும் ஒரு சூடான இடம். ரெண்டால பெருக்கினா 12.2 சென்டிமீட்டர். அவன் பின்னாடி ஸ்டிக்கர்ல 2450 மெகாஹெர்ட்ஸ்னு எழுதியிருக்கும், 300-ஐ 2450ஆல வகுங்க, 0.122 மீட்டர். அப்பளத்தை வச்சு ஒளியோட வேகத்தையே அளந்துட்டீங்க!

ஆனா எல்லா அவன்லயும் இது இவ்ளோ அழகா வராது. அலை மூணு பக்கமும் நிக்குறதால சில ஜோடி குறுக்கால இருக்கும், அந்த தூரத்தை எடுத்தா தப்பு வரும், புது மாடல் சிலதுல சுத்துற தட்டே இல்லாம உள்ளயே அலையைக் கலக்கி விடுற ஃபேன் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல இந்த விளையாட்டு வேலைக்கு ஆகாது. காலியா மட்டும் ஓட்டிடாதீங்க.

அப்படியே கதவைப் பாருங்க. கண்ணாடிக்குள்ள ஒரு ஓட்டைத் தகடு இருக்கும், ஒவ்வொரு ஓட்டையும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். நீங்க உள்ள பார்க்க முடியுது, அதாவது கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம், அரை மைக்ரான் (500 நானோமீட்டர்) அலை, தாராளமா வெளிய வருது, 12 சென்டிமீட்டர் அலைக்கு அதே தகடு கெட்டிச் சுவரு. ஓட்டை அலைநீளத்துல பத்துல ஒரு பங்குக்கும் கீழ இருந்தா அலைக்கு ஓட்டை இருக்கிறதே தெரியாதுன்னு ஒரு மோட்டா கணக்கு வச்சுக்கலாம்.

இந்த கணக்கை பெரிய அளவுல பார்க்கணும்னா ஊட்டிக்குப் போங்க, முத்தோரை பக்கம் மலைச்சரிவுல 1970ல கட்டின ரேடியோ தொலைநோக்கி இருக்கு, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில டாடா ஆராய்ச்சி நிறுவனம் செஞ்சது. அவ்ளோ பெரிய கண்ணாடின்னா தகடு போட்டு மூடியிருப்பாங்கன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க, நீளவாக்குல இழுத்துக் கட்டின 1,100 மெல்லிசான எவர்சில்வர் கம்பிதான், நடுவுல இடைவெளி மூணு சென்டிமீட்டருக்குள்ள. அது கேட்கிறது 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர், அந்த அலைக்கு இது பளபளன்னு கண்ணாடி, காத்துக்கும் மழைக்கும் வெறும் வேலி. அந்தச் சரிவை ஏன் தேடிப் பிடிச்சாங்கன்னா, சரிவு கிட்டத்தட்ட 11 டிகிரி, ஊட்டியோட அட்சரேகையும் அதேதான், அதனால தொலைநோக்கியோட நீள அச்சு பூமி சுத்துற அச்சுக்கு இணையா வந்துடுது, ஒரே அச்சுல திருப்பினா போதும், ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கா பின்தொடரலாம். எனக்கு நம்ம ஊர்ல கட்டினதுலயே ரொம்பப் பிடிச்ச கருவி இதுதான்.

வீட்டுலயே இந்த ஓட்டை விதியைச் சோதிக்கணும்னா போனை எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி, இன்னொரு போன்ல இருந்து கூப்பிட்டுப் பாருங்க. மூடி லூசா இருந்தா மணி அடிச்சுடும்! அலையைத் தடுக்குற விஷயத்துல இடுக்கு எவ்ளோ மெல்லிசுங்கிறதை விட எவ்ளோ நீளம்ங்கிறதுதான் முக்கியம், டப்பா வாயைச் சுத்தி ஓடுற இடுக்கு போன் அலைக்கு நீட்டமான ஜன்னல் மாதிரி. அதே போனை அலுமினியம் ஃபாயில்ல நாலு சுத்து நல்லா இறுக்கி சுத்துங்க, அடங்கிடும்.

இப்போ வாங்குறவங்க பக்கம் போவோம். டிவி ரிமோட்டை எடுங்க, முனையில இருக்கிற குட்டி பல்பை போனோட செல்ஃபி கேமரா முன்னாடி காட்டி பட்டனை அமுக்குங்க, வெளிர் ஊதாவா மினுக்கும், நேர்ல பார்த்தா ஒண்ணும் தெரியாது. அது பெரும்பாலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. பின்னாடி கேமராவுல ஃபில்டர் நல்லா போட்டிருந்தா தெரியாது, அதனாலதான் செல்ஃபி கேமராவுல பார்க்கச் சொன்னேன். கேமராவுக்கு நம்மை விட எல்லை தள்ளி இருக்குன்னு சந்தோஷப்பட்டா, அடுத்து அதே கேமராவை துணி தேய்க்கிற இஸ்திரிப்பெட்டி பக்கம் காட்டுங்க, இருட்டுல, நல்லா சூடேறினதும். ஒண்ணுமே தெரியாது. அதுவும் அகச்சிவப்புதான் கக்குது, கையைக் கிட்ட கொண்டு போனாலே தெரியுது, பின்ன கேமராவுக்கு என்ன வந்துச்சு? சென்சார் சிலிக்கான்ல செஞ்சது, சிலிக்கான்ல ஒரு எலக்ட்ரானைக் கிளப்ப 1.12 எலக்ட்ரான் வோல்ட் வேணும், 1240-ஐ 1.12ஆல வகுங்க, 1,107 நானோமீட்டர். அதை விட நீளமான அலை எவ்ளோ கொட்டினாலும் சிலிக்கானுக்கு உறைக்காது. 200 டிகிரி இஸ்திரிப்பெட்டி அதிகமா கக்குறது 6,000 நானோமீட்டர் பக்கம். அதனாலதான் தெர்மல் கேமராவுக்கு வேற சரக்கு, வேற விலை.

கண்ணோட கதையும் இதேதான், விழித்திரையில இருக்கிற மூலக்கூறை மடக்கித் திருப்ப ஒரு அளவு எனர்ஜி வேணும், சிவப்புக்குக் கீழ அது பத்தாது. இன்னொரு பக்கம் ஊதாவுக்கு மேல விழித்திரைக்கு சக்தி இருக்கு, ஆனா கண்ணுல இருக்கிற லென்ஸே அதை வடிகட்டிடுது. அந்தக் காலத்துல கண்புரை ஆபரேஷன் பண்ணி லென்ஸை எடுத்துட்டு சோடாபுட்டி கண்ணாடி மட்டும் குடுத்தப்போ, சில பேருக்கு 350 நானோமீட்டர் பக்கம் வரைக்கும் புற ஊதா வெளுத்த நீலமா தெரிஞ்சுது. இப்ப வைக்கிற லென்ஸ்ல அதுக்கும் ஃபில்டர் வந்துடுச்சு. ஆக 380ங்கிறது விழித்திரையோட எல்லை கூட இல்ல, அதுக்கு முன்னாடி நிக்குற லென்ஸோட எல்லை.

கண்ணுக்குத் தெரியுற அலையை அளக்கணும்னா பழைய சிடி ஒண்ணு, லேசர் பாயின்டர் ஒண்ணு போதும். ஒரு அட்டையில சின்ன ஓட்டை போட்டு லேசரை அதுக்குப் பின்னாடி வைங்க, 30 சென்டிமீட்டர் தள்ளி சிடியை நேரா நிக்க வச்சு அதுல படுற மாதிரி அடிங்க, சிடி திருப்பி அனுப்புற புள்ளிங்க அட்டையிலயே ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் விழும். லேசரைக் கண்ணுல படாம பார்த்துக்கோங்க, குனிஞ்சு அந்த மட்டத்துக்கு முகத்தைக் கொண்டு போகாதீங்க, விலை மலிஞ்ச பச்சை லேசர் சிலதுல கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வரும், அது இன்னும் மோசம், சின்னப் பசங்க கையில குடுக்கவே குடுக்காதீங்க. ஓட்டையில இருந்து முதல் புள்ளி வரைக்கும் அளங்க, சிவப்புன்னா 13 சென்டிமீட்டர் சொச்சம் வரும், பச்சைன்னா 10.6 பக்கம். இப்போ சிடியில இருந்து அந்தப் புள்ளிக்கு சாய்வா எவ்ளோ தூரம்னு அளந்து, முதல் அளவை இதால வகுத்து 1,600ஆல பெருக்குங்க, ஏன்னா சிடியில தடத்துக்கும் தடத்துக்கும் நடுவுல 1,600 நானோமீட்டர். சிவப்புக்கு 13.3 வகுத்தல் 32.8 பெருக்கல் 1,600, விடை 649. லேசர் மேல 650ன்னு ஒட்டியிருக்கும், பார்த்து சிரிச்சுக்கலாம். இதே சிடியால அப்பளம் அலையை அளக்க முடியுமான்னா முடியாது, அலை தடத்தை விட 76,000 மடங்கு பெருசு, அதுக்கு சிடி வெறும் வழவழ தகடு. அளக்கிற கோலுக்கும் ஒரு எல்லை உண்டு.

புற ஊதாவை வேகமா தாண்டிடலாம், வீட்டுல பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, பண்ணவும் வேணாம். சூரியன் கக்குறதுல 300 நானோமீட்டருக்குக் கீழ உள்ளதை ஓசோன் தின்னுடும், 200க்குக் கீழ போனா சாதாரண காத்துல இருக்கிற ஆக்சிஜனே முழுங்கும், அதனால அந்தப் பகுதிக்கு வெற்றிட புற ஊதான்னே பேரு. 91.2 நானோமீட்டர் ஒரு முக்கியமான இடம், ஹைட்ரஜன் அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுக்கத் தேவையான 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை 1240 கணக்குல போட்டா அதுதான் வரும். அண்டம் பூரா ஹைட்ரஜன்தான், அதனால இதுக்குக் கொஞ்சம் கீழ உள்ள வெளிச்சம் தூரத்துல இருந்து வந்து சேர்றது கஷ்டம், வழியிலயே காலி.

எக்ஸ்ரேவுல அனுப்புறவனோட எல்லை கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கும். எக்ஸ்ரே ரூம்ல டெக்னீஷியன் கேவி (கிலோவோல்ட், ஆயிரம் வோல்ட்) எவ்ளோன்னு செட் பண்ணுவாரு பாருங்க, அந்த வோல்ட்டேஜ்தான் எலக்ட்ரானுக்குக் குடுக்கிற முழு சொத்து, ஒரு எலக்ட்ரான் தன் மொத்த சொத்தையும் ஒரே ஃபோட்டானுக்கு எழுதி வச்சா கூட அதுக்கு மேல ஒரு பைசா வராது. நெஞ்சு எக்ஸ்ரேக்கு 120 கேவின்னா, 1240 வகுத்தல் 1,20,000, ஏறக்குறைய 0.0103 நானோமீட்டர், அந்த ட்யூப்ல இருந்து இதை விடக் குட்டி அலை வரவே வராது. பல் டாக்டர்கிட்ட 70 கேவின்னா 0.0177. 1915ல ட்யுவேன், ஹன்ட் ரெண்டு பேரும் அளந்து காட்டினது, அவங்க பேர்லயே இந்த எல்லை இருக்கு. அடுத்த தடவை போகும்போது கேவி எவ்ளோன்னு கேட்டு கணக்கு போடுங்க, நான் கேட்டப்போ அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்லிட்டாரு.

ஒரு சந்தேகம் வரும், எக்ஸ்ரே எங்க முடிஞ்சு காமா எங்க ஆரம்பிக்குதுன்னு. பாடப்புத்தகப் படத்துல கோடு போட்டிருப்பாங்க, அந்தக் கோடு ஏமாத்து வேலை. அணுக்கருவுல இருந்து வந்தா காமா, எலக்ட்ரான்ல இருந்து வந்தா எக்ஸ்ரேன்னு பொறந்த வீட்டை வச்சுதான் பேரு. ஸ்கேனுக்கு ஊசி போடுற டெக்னீசியம்ங்கிற கதிரியக்கப் பொருள் குடுக்கிற காமா 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், புற்றுநோய் சிகிச்சை மிஷின்ல வர்ற எக்ஸ்ரே சாதாரணமாவே 6 மெகா (60 லட்சம்) எலக்ட்ரான் வோல்ட்டைத் தொடும், பேருல சின்னவனா இருக்கிற எக்ஸ்ரே இங்க நாப்பது மடங்கு பெரியவன்.

சரி காமாவுல எவ்ளோ தூரம் போகலாம்? அணுக்கரு சில மெகாவுலயே களைச்சுடும். அதுக்கு மேல வேணும்னா வானத்தைத்தான் பார்க்கணும், லடாக்ல ஹான்லேயில 21 மீட்டர் கண்ணாடியோட மேஸ்னு ஒரு தொலைநோக்கி வச்சிருக்காங்க, அது நேரா காமாவைப் பிடிக்கறதில்ல, காமா காற்று மண்டலத்துல வந்து மோதி துகள் மழையா சிதறும்போது வர்ற நீல மினுக்கைப் பிடிக்குது. இந்த விஷயத்துல இப்போதைக்கு கில்லாடி சீனாவோட லாஸோ, சிச்சுவான்ல 4,400 மீட்டர் உயரத்துல ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேல டிடெக்டரைப் பரப்பி வச்சிருக்காங்க. 2021ல அவங்க அறிவிச்ச ஒரு ஃபோட்டான், சிக்னஸ்ங்கிற விண்மீன் கூட்டம் பக்கம் இருந்து வந்தது, 1.4 பெட்டா எலக்ட்ரான் வோல்ட், நம்ம கணக்குல 1,400 லட்சம் கோடி. ஜெனிவாவுல துகள்களை மோத விடுற பெரிய மிஷின் ஒரு புரோட்டானுக்குக் குடுக்கிறதை விட 200 மடங்கு. அலைநீளம் போட்டுப் பாருங்க, மீட்டர்ல புள்ளிக்கு அப்புறம் 21 பூஜ்யம் போட்டு ஒரு 9 போட்டா ஏறக்குறைய அதுதான், புரோட்டானோட குறுக்களவுல 20 லட்சத்துல ஒரு பங்கு. அதுக்கப்புறம் அதே பக்கம் இருந்து 2 பெட்டாவைத் தாண்டினதும் வந்திருக்கு.

இன்னும் பெருசா ஏன் பக்கத்து கேலக்ஸியில இருந்தெல்லாம் வரலை? இங்கதான் நடுவுல கிடக்கிறது மறுபடி விளையாடுது. அண்டம் பூரா பெருவெடிப்போட மிச்ச வெளிச்சம் பரவிக்கிடக்கு, அலைநீளம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். பெட்டா ஃபோட்டான் போற வழியில இந்த சொங்கி ஃபோட்டான் ஒண்ணு மேல மோதினா ரெண்டும் காலி, எலக்ட்ரானும் அதோட எதிர்த்துகளான பாசிட்ரானும் பொறந்துடும். சில பெட்டா ரேஞ்சுல நம்ம கேலக்ஸியோட அளவு தூரம் தாண்டுறதே பெரும்பாடு, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிற ஆண்ட்ரோமெடாவுல இருந்து வர்றது நடக்காத காரியம்.

அதையும் தாண்டி சின்னதுன்னா பிளாங்க் நீளம்னு ஒண்ணு சொல்லுவாங்க, மீட்டர்ல 1.6 பெருக்கல் 10ன் மைனஸ் 35 அடுக்கு. நிறைய பேர் யூட்யூப்ல இதுதான் ஒளியோட கடைசி எல்லைன்னு அடிச்சு சொல்றாங்க, அது தப்பு. அந்த அளவுல இப்ப இருக்கிற கணக்கெல்லாம் வேலை செய்யாதுங்கிற எச்சரிக்கைப் பலகைதான் அது, சுவரு அங்க இருக்குன்னு யாரும் நிரூபிக்கல. இன்னொண்ணு யோசிங்க, ஒரு அலையோட நீளம் பார்க்கிறவனைப் பொறுத்தது, ஆம்புலன்ஸ் எதுக்க வரும்போது சத்தம் கீச்சுன்னு ஏறுற மாதிரி, அலையை நோக்கி நீங்க வேகமா ஓடினா அது சுருங்கும், விலகி ஓடினா நீளும். நான் பச்சைன்னு பார்க்கிறதை அதிவேகத்துல எதிரே வர்ற ஒருத்தன் எக்ஸ்ரேயா பார்ப்பான். இவனுக்கு எல்லைக்கு உள்ள, அவனுக்கு எல்லைக்கு வெளியேன்னா அந்த எல்லை ஃபோட்டானுக்குச் சொந்தமா என்ன? பெருவெடிப்போட அந்த மிச்ச வெளிச்சமே கிளம்பும்போது ஒரு மைக்ரான் பக்கம் இருந்ததுதான், வழியில அண்டம் விரிஞ்சு விரிஞ்சு 1,100 மடங்கு நீண்டுதான் மில்லிமீட்டரா வந்து சேர்ந்திருக்கு.

இப்போ நீளமான பக்கம். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்துல ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990ல இருந்து இருக்கிற கடற்படை நிலையம், கடலுக்கடியில இருக்கிற நீர்மூழ்கிக்குத் தகவல் அனுப்ப. 18.2 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் 16 அரை கிலோமீட்டர். கால் பங்கு ஆன்டெனான்னா நாலு கிலோமீட்டர் உயரத்துக்குக் கம்பம் நடணும், அதனால சில நூறு மீட்டர் உயரக் கம்பம் நட்டு மேல குடை மாதிரி கம்பி வலை இழுத்துக் கட்டி ஒப்பேத்துறாங்க. ஏன் இவ்ளோ மெனக்கெடணும்? உப்புத்தண்ணி கரண்ட்டைக் கடத்தும், அதனால அலையை முழுங்கும். எஃப்எம் அலை ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழத்துலயே மூணுல ஒரு பங்கா சுருங்கிடும், 18 கிலோஹெர்ட்ஸ் அந்த அளவு சுருங்க ரெண்டு மீட்டர் ஆகும். அதுவும் பத்தாதுன்னு அமெரிக்காக்காரன் விஸ்கான்சின், மிச்சிகன் காட்டுக்குள்ள மைல் கணக்குல கம்பி இழுத்து 76 ஹெர்ட்ஸ்ல அனுப்பினான், ரஷ்யாக்காரன் 82 ஹெர்ட்ஸ்ல. 76ன்னா அலைநீளம் 3,900 கிலோமீட்டருக்கு மேல. கடலுக்குள்ள நல்லா ஆழமா போச்சு, ஆனா மூணெழுத்து கோட் அனுப்பவே கால் மணி நேரம், 2004ல அமெரிக்கா மூடிடுச்சு. மனுஷன் வேணும்னே அனுப்பின அலையில இதெல்லாம்தான் ராட்சசன்.

நம்ம வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுக்கு 6,000 கிலோமீட்டர், காஷ்மீர்ல கிளம்பி கன்னியாகுமரி போய்ட்டு திரும்பினா வர்ற தூரம். மீடியம் வேவை ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சு சுவிட்ச்போர்டு கிட்ட கொண்டு போனா கொர்ர்னு கேட்கும், அது இந்த 6,000 கிலோமீட்டர் அலை இல்ல, அவ்ளோ பெரிய அலை உருவாக ஒயருக்கும் உங்களுக்கும் நடுவுல இடமே இல்ல, டியூப்லைட் சோக்கும் சார்ஜரும் போடுற சத்தம் அது. பூமிக்கே சொந்தமா ஒரு சுதி இருக்கு, மின்னல் அடிக்க அடிக்க தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவுல ஒரு அலை பூமியைச் சுத்தி வந்து தன் வாலையே கடிக்குது, 7.83 ஹெர்ட்ஸ், 38,000 கிலோமீட்டர், சுற்றளவு 40,000ன்னு தெரிஞ்சா ஏன்னு புரிஞ்சுடும்.

பூமிக்கு வெளிய போனா நல்லா இருக்குமேன்னு தோணும், ஆனா வெளிய வெற்றிடம்னு சொல்றது முழு வெற்றிடம் இல்ல, எலக்ட்ரான் திரியுது. நாசாவோட வாயேஜர் 1 விண்கலம் சூரியக் காத்து வீசுற எல்லையைத் தாண்டினதும் 2013ல சுத்தியிருந்த பிளாஸ்மா (எலக்ட்ரான் பிரிஞ்சு திரியுற வாயு) 2.6 கிலோஹெர்ட்ஸ்ல துடிக்கிறதைக் கேட்டுச்சு. அதுக்குக் கீழ உள்ள சாதாரண ரேடியோ அலை அந்த இடத்துல நகர முடியாது. 115 கிலோமீட்டரை விட நீளமான அலைக்கு அங்க வழி அடைச்சிருக்கு. நட்சத்திரங்களுக்கு நடுவுல இருந்து 6,000 கிலோமீட்டர் அலை நமக்கு வந்து சேராது.

அதுக்கும் மேல கணக்குல மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை மேல கீழ போற அலைன்னா 2,590 கோடி கிலோமீட்டர், நெப்டியூன் இருக்கிற தூரத்துல அஞ்சாறு மடங்கு, அதை அலைன்னு சொல்லணும்னா ஒரு நாள் முழுக்க உக்காந்து பார்க்கணும். நாம பார்க்கக்கூடிய அண்டத்தோட அகலத்துக்கே ஒரு அலைன்னா 9,300 கோடி ஒளியாண்டு, அண்டத்துக்கு வயசே 1,380 கோடி வருஷம்தான், இன்னும் ஒரு சுத்து முடியல, அது அலையா இல்ல சும்மா அசையாம நிக்குற புலமான்னு பிரிச்சுப் பார்க்க வழியே கிடையாது.

கடைசியா ஒரு கைவேலை, இதை மட்டும் பசங்களோட உக்காந்து பண்ணுங்க. 62 சென்டிமீட்டருக்கு ஒரு காகித ரிப்பன் வெட்டுங்க, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அலைநீளம் பத்து மடங்கு கூடும். இடது முனை 10ன் மைனஸ் 35 அடுக்கு மீட்டர். லாஸோ ஃபோட்டானை 13.9ல குறிங்க, நெஞ்சு எக்ஸ்ரே 24ல, கண்ணுக்குத் தெரியுறது 28.6ல இருந்து 28.9 வரைக்கும், வெறும் மூணு மில்லிமீட்டர், ஏழு கலரையும் அதுக்குள்ள அடைக்கணும். அப்பளம் 34.1, கொடை எஃப்எம் 35.5, விஜயநாராயணம் 39.2, பூமியோட சுதி 42.6, அண்டத்தோட அகலம் 61.9. எங்க வீட்டுல இது ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு, அக்கா பொண்ணு வந்தா இடது பக்கம் காலியா கிடக்கிற பதினாலு சென்டிமீட்டர்லயும் வலது பக்கம் பத்தொன்பதுலயும் பென்சில்ல ஏதாவது கிறுக்கி வச்சுட்டுப் போறா, நான் அழிக்கிறதில்ல.